எலி கடித்த கொம்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் இருந்தவர்கள்: லீடர், அக்கா, அத்தான், நான். மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு அதில் கிடத்தியிருந்த கிடாரையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கத்தான் வேண்டும். லீடர் வந்திருந்தது அதைப் பார்ப்பதற்காகத்தான். அக்கா காலையிலேயே ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, நாற்காலிகளின் ஆட்டம் தெரியாமலிருக்க அட்டையை மடித்துக் கால்களுக்கடியில் செருகி, என்னைச் சவரம் செய்யவைத்திருந்தாள். லீடர் கக்கத்தில் ஒரு கறுப்புத் துணிப்பையைச் சுருட்டி வைத்திருந்தார். உட்கார்ந்தபோது அதை மடியில் போட்டுக்கொண்டார். அது என்ன பை என்று யாரும் கேட்கவில்லை.

லீடர் என்றால் இசைக்குழுவின் லீடர். கீபோர்டு வாசிப்பவர். அத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய குழுவில்தான் கிடார் வாசித்துவந்தார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள், நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, லீடர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "மாஸ்டர், கிடார் ரொம்ப அடி வாங்கிருச்சு. சுருதியே நிக்க மாட்டேங்குது. சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒருவரை வெளியே அனுப்ப நல்ல மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள். எனக்கு இது பழக்கம். காலேஜில் மூன்றாம் வருஷம் துறைத்தலைவர் என் தோளில் கைபோட்டு, "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கிட்டு வாப்பா" என்றார். இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறேன். ராத்திரி முழுக்க ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறேன், பகலில் அக்கா வீட்டு நடையில் மடக்குக் கட்டில் போட்டுத் தூங்குகிறேன்.

ஆனால் அக்காவுக்கு அந்த மாதிரிப் பேச்சு பழக்கமில்லை. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் வரிசைக்கு மேற்பார்வை பார்க்கிறாள். அங்கே மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் பூடகமாகப் பேச முடியாது. தையல் கோணல் என்றால் கோணல், பிரி என்றால் பிரி. லீடர் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"கிடார்தான சரியில்லன்னாரு? அவரு வாசிப்ப ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல" என்றார் அத்தான்.

"அப்ப கிடார சரி பண்ணா முடிஞ்சுது. டேய், நீதான எலக்ட்ரானிக்ஸ் படிச்ச. பண்ணு."

"பாதிதான்க்கா படிச்சேன்."

"பாதி கிடாராவது பண்ணு."

அவள் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். மெஷினோடு போட்டி போட்டு வளர்ந்த தொண்டை. வீட்டிலும் அதே குரல்தான். அவளோடு சேர்ந்து நாங்களும் கத்தப் பழகிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் தினமும் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அத்தானுக்கு வேறு வேலை தெரியாது. வயது ஐம்பதை நெருங்குகிறது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ள எவனும் இல்லை. குழு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் சொல்லவில்லை. அக்கா மட்டும் ஒரு காரியம் செய்தாள். விடுமுறை நாட்களில் வெளித் துணி தைத்துக்கொடுக்க அவள் வைத்திருந்த தையல் மெஷினை ஒருநாள் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனான். முன்னறையில் அது நின்ற இடத்தில் தரை நிறம் மங்காமல் நான்கு வட்டங்கள் தெரிந்தன. அன்று சாயங்காலம் என் கட்டில்மேல் கிடாருக்கு வேண்டிய உதிரிபாகங்கள் ஒரு பையில் இருந்தன. நான் எழுதிக்கொடுத்ததில் ஒன்றுகூட விடவில்லை.

அத்தான் வாங்கும்போதே அந்தக் கிடார் எத்தனையோ கை மாறி வந்தது. ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். இப்போது ஆறின புண்ணின் நிறம். வலது முழங்கை உரசுகிற இடத்தில் பெயின்ட் போய், மரமும் நிறம் மாறி, வியர்வை ஊறிக் கறுத்திருந்தது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளில், ஃப்ரெட் என்பார்கள், கம்பி அழுத்தி அழுத்திக் குழி விழுந்திருந்தது. கம்பியை முறுக்கும் சாவிகள் கிழவன் பல்போல ஆடின. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினால் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் சருகை மிதிக்கிற சத்தம். எதையும் தொடாமல் சும்மா வைத்தாலும் ஓயாத ஓர் இரைச்சல். லீடர் சாக்குக்காகச் சொல்லியிருந்தாலும் பொய் சொல்லவில்லை.

வேலை முடிந்து காலையில் வந்ததும், அக்கா கிளம்பிப்போன பிறகு, சமையலறை மேசையில் அதைப் பிரித்துப் போட்டு உட்காருவேன். தூக்கம் வராமலில்லை. ஆனால் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தால் வேறு எதையும் நினைக்கவேண்டியதில்லை. குழி விழுந்த ஃப்ரெட்களைச் சூடுகாட்டிப் பிடுங்கினேன். மரம் சிம்பு தெறிக்காமல் பிடுங்க வேண்டும். முதல் ஒன்றிரண்டில் தெறித்தது, பிறகு கை படிந்தது. புதியவற்றை அறைந்து, அரம்போட்டுச் சமம் செய்து, ஓரங்களை விரல் கிழிக்காதபடி உருட்டினேன். சாவிகளை மாற்றினேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தருகிற காந்தச் சுருள்களுக்குப் பிக்கப் என்று பெயர்; அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவை வைத்தேன். பழைய பிக்கப் ஒன்றை, உள்ளே எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், அவிழ்த்தேன். முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி. அவிழ அவிழ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மேசைக்கடியில் செம்பட்டை மயிர் வெட்டிப்போட்டதுபோலக் குவிந்தது. பெருக்கிக் குப்பையில் போட்டேன். மற்றதையும் அப்படியே பிரித்தேன். இரைச்சலை நிறுத்த உள்குழி முழுவதும் செம்புத்தகடு ஒட்டினேன். ஆம்ப்பில் மாட்டிப் பார்த்தபோது அவ்வளவு அமைதியாக இருந்தது. இணைப்பு வரவில்லையோ என்று சந்தேகப்பட்டு ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். வந்துதான் இருந்தது.

அத்தானுக்கு இதில் உற்சாகமில்லை. வாசற்படியில் சாய்ந்து நின்று பார்ப்பார்.

"விட்டுரு மச்சான். கெழவனுக்குப் பவுடர் போட்டு என்ன பண்ணப்போற?"

"பொண்ணு பாக்க வராங்கல்ல அத்தான்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சற்றுத் தாமதமாகச் சிரிப்பார். அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். நகைச்சுவை அவருக்கு மெதுவாக ஏறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கிடாரின் உடம்பில் மேல்பக்கம் ஒரு கொம்பு நீண்டிருக்கும். தோளில் மாட்டும் வாரின் முனை அதில்தான் கோத்திருக்கும். அந்தக் கொம்பின் ஓரம் முழுக்கக் கடித்துக் குதறியிருந்தது. மரம் நார்நாராக எழும்பியிருந்தது.

"எலியா?" என்று கேட்டேன்.

அவர் கொம்பைப் பார்த்தார். "எலிதான். விடு, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று விடுகிற நிலையில் நான் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு இழைத்து, மொத்த உடம்போடு சேர்த்து வார்னிஷ் அடித்தேன். எலி கடித்த இடம் இதுதான் என்று செய்த எனக்கே தெரியவில்லை. முதுகுப்பக்கத்தில் இன்னொரு வேலை இருந்தது. கம்பிகள் எல்லாம் வந்து சேர்கிற பிரிட்ஜை, கிடாரின் முதுகில் ஒரு குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் குழிக்கு ஒரு மூடி உண்டு. இதில் இல்லை.

"மூடி எங்க அத்தான்?"

"அது எப்பவோ தொலஞ்சுபோச்சு."

தகடு வெட்டி மூடி செய்தேன். ஒரு கம்பியைத் தட்டி உடனே கையால் அமுக்கினால், கம்பி நின்ற பிறகும் உள்ளே அந்த ஸ்பிரிங்குகள் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தன. ஸ்பாஞ்சைத் துண்டுபோட்டு அவற்றுக்கடியில் திணித்தேன். முனகல் நின்றது. அத்தான் வந்து ஸ்பாஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"சத்தம் வராம இருக்க."

"சத்தம் வராம இருக்கவாடா கிடார் செய்வாங்க?" என்று சிரித்தார். அப்புறம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நடுப்பகலில் படுக்கிற ஆள் இல்லை அவர்.

சனிக்கிழமை காலை நான் வந்தபோது அக்கா தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே வந்து, "அத்தான், டீ போடவா?" என்றேன். பதில் இல்லை. வாசிப்புப் பழகும்போது படுக்கையறையை உள்தாழ் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்று கதவு ஒருக்களித்திருந்தது. திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டே தள்ளினேன்.

கட்டிலில் எனக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தார். மடியில் கிடார். ஆம்ப் இல்லை, ஒயர் இல்லை. தலையைக் கவிழ்த்து, நாய் எலும்பைப் பிடித்திருப்பதுபோல, அந்தக் கொம்பைப் பற்களில் கவ்வியிருந்தார். கண் மூடியிருந்தது. வலது கட்டைவிரல் ஒரு கம்பியை மீட்டியது, இடது கை சாவியைத் திருகியது. ஒலி ஏறியது, கொஞ்சம் தாண்டியது, இறங்கி வந்து நின்றது. மிகச் சரியாக நின்றது. என் போனில் இருக்கிற கருவிகூட அதில் பிழை சொல்லியிருக்காது. அடுத்த கம்பி. தாடை எலும்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. "அத்தான்" என்றேன். "அத்தான்!" அக்காவின் குரலில் ஒரு பாதிக்காவது கத்தியிருப்பேன். அவர் அடுத்த கம்பிக்குப் போனார்.

நான் நடந்து எதிரே போய் நின்றேன். நிழல் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். வாயை எடுத்தார். வார்னிஷ் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. அதில் பல்வரிசை பதிந்திருந்தது, நடுவில் ஓர் இடைவெளியோடு. அத்தானுக்கு முன்பல் பாதிதான். கல்யாணமான புதிதில் அக்கா மாடியிலிருந்து எறிந்த சாவிக்கொத்தைக் கையால் பிடிப்பதற்குப் பதில் வாயால் பிடித்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"எலி வருதான்னு பாத்தேன்."

என் உதட்டைப் பார்த்தார். புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறெதுவாகவோ மாறப் பார்த்தது. இருமி அதை விழுங்கினார்.

"வலது காது போய் ரொம்ப நாளாச்சு மச்சான். இடதுல ஒருத்தன் விசில் ஊதிக்கிட்டே இருக்கான். தூங்குனாலும் ஊதுறான். உங்கக்கா குரல் மட்டும்தான் அந்த விசிலத் தாண்டி வருது. நல்லவேளை, தொண்டக்காரியாப் பாத்துக் கட்டுனேன்."

"டாக்டர்ட்ட போனீங்களா?"

"போனேன். பல்லு வலின்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போனேன். இருக்கிறதப் பத்திரமா வச்சுக்கோங்கன்னாரு. ஸ்பீக்கர் பக்கத்துல நிக்காதீங்கன்னாரு. மேடையில கிடார்காரன் வேற எங்கடா நிப்பான்?"

"மெஷின் வைக்கலாம்ல காதுக்கு?"

"வச்சுப் பாத்தேன், அங்கயே. பேச்சு கேக்குது. பாட்டு தகரத்த இழுக்கிற மாதிரி இருக்கு. அப்புறம், காதுல மெஷின் மாட்டுன கிடார்காரன எவன் கூப்பிடுவான்? கண்ணு தெரியாத டிரைவரக் கூப்பிடுற மாதிரி."

பிறகு கிடாரைத் திருப்பி முதுகைக் காட்டினார். நான் வெட்டிப்போட்ட மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். அந்த மூடியைக் கழற்றிப்போட்டது அவர்தான். மேடையில் ஸ்பிரிங்குகள் வயிற்றில் படும்படி அணைத்துப் பிடித்தால் ஒவ்வொரு தட்டும் வயிற்றுக்கு வரும். டிரம்ஸ் தரை வழியாகக் காலுக்கு வரும். அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆனா வயிறு தாளம்தான் சொல்லும். சுருதி சொல்லாது. சுருதிக்குப் பல்லு வேணும், எலும்பு வழியாத் தலைக்குள்ள ஏறணும். மேடையில நின்னு கடிக்க முடியுமா? அதான் நழுவ ஆரம்பிச்சுது. நழுவும்போதெல்லாம் கிடார் மேல போட்டேன். பழைய கிடார், சாவி நிக்கல, ஒயர் சரியில்லன்னு. எல்லாரும் நம்புனாங்க. பாத்தாலே நம்புற மாதிரிதான இருந்துச்சு அது? கிடார் கெட்டுக் கெடந்த வரைக்கும் நான் நல்லா இருந்தேன் மச்சான்."

கிடாரை நிமிர்த்தித் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கி அவரு வராரு. பழசெல்லாம் எங்க வச்சிருக்க? திரும்ப மாட்டிரு."

"பிரிச்சுட்டேன் அத்தான். குப்பையில போயிருச்சு."

"அப்ப ஏதாவது ஒரு கோளாறு வச்சு விடு. ஒரு சொரசொரப்பு. நடுவுல விட்டுவிட்டு வர்ற மாதிரி. உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு ஒயர்." என் முழங்கையைப் பிடித்தார். விரல்நுனிகள் கம்பியில் காய்ந்து கொட்டைபோல இருந்தன. "இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும்ல? அவரு மறுபடியும் சரி பண்ணிட்டு வாங்கன்னு சொல்லுவாரு. அது போதும். மறுபடி வரலாம்ல?"

சோல்டரிங் கருவியை மாட்டினேன். சூடாகும்வரை காத்திருந்தேன். ஒயரைச் செருகும் ஜாக்கில் நான் வைத்த ஈயப்புள்ளி வட்டமாக, பளபளப்பாக இருந்தது. காலேஜில் செய்முறைத் தேர்வில் ஒருதடவைகூட எனக்கு அப்படி வந்ததில்லை. அதைத் தொட்டு உருக்கி, ஒயரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை. நான் முழுதாகச் செய்து முடித்த ஒரே வேலை அது. கருவியை அதன் தாங்கியில் திரும்ப வைத்தேன்.

"முடியாது அத்தான். அக்காட்டச் சொல்லிருங்க."

"சொல்லி? அவ வித்த மெஷினத் திரும்பக் கேட்டு வாங்கவா?"

"நான் சொல்லவா?"

"சொல்லாத." கெஞ்சவில்லை. வெறுமனே சொன்னார். "நாளைக்கி ஒரு நாள் ஓடட்டும். சொல்லாத."

சரி என்றேன். மூடியைக் கழற்றி ஸ்பாஞ்சை எல்லாம் பிடுங்கி எடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பல் பதிந்த இடத்தை மறுபடி இழைக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீடர் வருவதற்குச் சற்று முன்னால் முதல் கம்பி அறுந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கடைசியாக ஒருமுறை சுருதி சேர்த்தபோது அளவுக்கு மீறி முறுக்கிவிட்டார் போல. அவசரமாகப் புதுக் கம்பி மாட்டினேன். புதுக் கம்பி ஒரு நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொள்ள வேண்டும். வாசிக்கிற யாருக்கும் இது பழக்கமான விஷயம், சொல்லித் தரவேண்டியதில்லை. கம்பியை இழுத்து இழுத்துவிட்டு நானே ஏற்றத் தொடங்கினேன். அதற்குள் வாசல்மணி அடித்துவிட்டது.

லீடர் மெதுவாகப் பேசுகிறவர். மைக் இருந்தால்தான் குரல் வெளியே வரும், வீட்டில் மைக் இல்லை. டீயை வாங்கிக்கொண்டு, உடம்பைப் பற்றி, மழையைப் பற்றிக் கேட்டார். அத்தான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இடம் பார்த்துத் தலையாட்டினார். அக்கா நடுவில் புகுந்து புகுந்து பதில் சொன்னாள். அவள் இருந்தது நல்லதாகப் போயிற்று. பிறகு அத்தான் கிடாரை எடுத்து வயிற்றோடு அணைத்தார்.

தொடக்கம் நன்றாக இருந்தது. நன்றாக என்றால், எனக்கே மயிர் கூச்செறிந்தது. செம்புத்தகட்டின் அமைதிக்குள்ளிருந்து ஒவ்வொரு ஒலியும் கழுவி எடுத்ததுபோல வந்து விழுந்தது. லீடர் கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அப்புறம் முதல் கம்பி இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மயிரிழை. நல்ல காது உள்ளவன்கூடக் கண்டுபிடிக்காத அளவு. பிறகு கண்டுபிடிக்கிற அளவு. அந்தக் கம்பியை அவர் தொடும்போதெல்லாம், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிறவர்கள் நடுவில் குடிகாரன் ஒருவன் சேர்ந்து பாடுவதுபோல இருந்தது. அத்தான் நிறுத்தவில்லை. சாவிப்பக்கம் கை போகவில்லை. விரல்கள் அவ்வளவு சுத்தமாக ஓடின, தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. கண்மூடிச் சிரித்தபடி, மிக அழகான இடத்தை, சுருதி இறங்கிய அந்தக் கம்பியிலேயே, இழுத்து இழுத்து வாசித்தார். லீடர் என்னைப் பார்த்தார். நான் தரையில் இருந்த நான்கு வட்டங்களைப் பார்த்தேன்.

முடிந்ததும் லீடர் கையை நீட்டினார். கிடாரை வாங்கி, முதல் கம்பியை ஏற்றி, ஏதோ கொஞ்சம் வாசித்தார். கீபோர்டுக்காரர் கைதான், தடுமாறியது. ஆனால் சுருதி சுத்தமாக இருந்தது. அறையில் இருந்த நால்வரில் மூன்று பேருக்கு அது கேட்டது.

"கிடார் அருமையா வந்திருக்கும்மா. யாரு செஞ்சது?"

"எந்தம்பி! காலேஜ் படிச்சவன்!"

"பாதி" என்றேன்.

லீடரின் கட்டைவிரல் கொம்பின் ஓரமாகத் தடவிக்கொண்டே போய் நின்றது. "இதென்ன, கடிச்ச மாதிரி இருக்கு?"

"எலி" என்றேன்.

"எலியா? நம்ம வீட்லயா? வார்னிஷத் திங்கிற எலி எங்கருந்துடா வந்துச்சு?" அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். இடைவெளி இருந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்தபோது சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்ததுபோல.

லீடர் மறுபடி டீக்கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்து அதற்குள் பார்த்தபடியே பேசினார். மோசமான விஷயத்தை அவர் அப்படித்தான் பேசுவார் போல. "மாஸ்டர், தப்பா நினைக்கக் கூடாது. இப்ப நம்ம குழுவுல ஒரு சின்னப் பொண்ணு வாசிக்குது. நல்லா வரும். கையில ஒழுங்கான கிடார்தான் இல்ல. நீங்களும் எவ்ளோ காலம்தான் இந்த அலைச்சல் அலைவீங்க? இத அந்தப் பொண்ணுக்குக் குடுத்தீங்கன்னா, உங்க பேரச் சொல்லிக்கிட்டு இருக்கும்."

அத்தானுக்கு அவர் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். பேச்சு நின்றது தெரிந்ததும், மலர்ந்த முகத்தோடு, எல்லோரும் எதிர்பார்க்கிறதைவிடச் சற்றுப் பெரிய குரலில் சொன்னார்: "அதுக்கென்ன! தாராளமா!"

லீடர் நிம்மதியாக மூச்சுவிட்டார். மடியில் இருந்த துணிப்பையைப் பிரித்தார். கிடார் உறை. வரும்போதே காலியாகக் கொண்டுவந்திருக்கிறார். கிடாரை அதற்குள் இறக்கி ஜிப்பை இழுக்கும்போதுதான் அத்தான் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"மாஸ்டர், இப்பத்தான நீங்க..."

அத்தான் பாய்ந்து பிடுங்கினார். உறை தரையில் விழுந்தது. டீ கவிழ்ந்தது. கிடாரை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என்ன பண்றீங்க, என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லீடர் பதில் சொன்னார், இரண்டு தடவை. கேள்வி நிற்கவில்லை. லீடர் முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போய், ஒரு பழைய கணக்குக்கு விடை வந்ததுபோல வேறொன்று வந்தது.

அக்கா அத்தானின் முதுகுப்பக்கம் நின்றிருந்தாள்.

"என்னங்க" என்றாள். சாதாரணக் குரலில். மற்ற வீடுகளில் மனைவிகள் கூப்பிடுகிற குரலில்.

அவர் திரும்பவில்லை.

"என்னங்க." இன்னும் கொஞ்சம் சத்தமில்லாமல். சோதிக்கிறாள் என்று தெரிந்தது. தொழிற்சாலையில் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பாளாம், எங்கே விடுகிறது என்று.

அவர் திரும்பவில்லை.

லீடர் உறையைக் குனிந்து எடுத்துச் சுருட்டினார். "வரேம்மா" என்று அக்காவிடம் சொல்லி, அத்தானின் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். நான்தான் வாசல்வரை போனேன். செருப்பை மாட்டும்போது, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் செருப்பு வாரைச் சரிசெய்தார். பிறகு படியிறங்கினார்.

உள்ளே வந்தபோது அக்கா டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியும்" என்றாள். கேள்வி இல்லை.

"நேத்துதான்."

"எலியாம்" என்றாள். துணியைப் பிழிந்தாள். திரும்பவும் அதே இடத்தைத் துடைத்தாள்.

அத்தான் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் வாய் எதற்காக அவ்வளவு சின்னதாக அசைகிறது என்று பார்த்தார். அவளுக்குத் தெரிந்துபோனது அவருக்கும் தெரிந்துவிட்டது. கிடாரைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடாமல், குழந்தையைத் தூக்குவதுபோலவும் இல்லாமல், கூலியாள் மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். அக்கா ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். அதற்குள் கதவு சாத்தியாயிற்று. அவள் கதவைத் தட்டவில்லை. கத்தினால் கேட்கும், அவள் குரல் மட்டும்தான் அவருக்குக் கேட்கும், அது எனக்குத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கதவுப் பலகையில் விரித்து வைத்து, நெற்றியையும் அதில் சாய்த்துக்கொண்டாள்.

"தாழ்ப்பாள் போடாதீங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாளின் இரும்பு நகர்ந்து குழிக்குள் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.